நானா கடை நம்பர்

கொழும்பில் ஒரு கைத்தொலைபேசிக் கம்பனியில் மென்பொருள் பொறியியலாளராக இருந்தேன். ஒருவர் அனுப்பும் குறுஞ்செய்தியை வாங்கி இன்னொருவரிடம் சேர்க்கும் இயந்திரம் என் பொறுப்பு. 'சாப்பிட்டாச்சா', 'வந்து சேர்ந்துட்டேன்', 'குண்டு வெடிச்சிருச்சாம், நீ எங்க நிக்கிற' என்று நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டதெல்லாம் என் இயந்திரத்தின் வழியாகத்தான் போனது. எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. நம்பரைக் கொடுத்தால் ஆளிடம் சேர்க்கும். ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்பதுதான் அந்தத் தொழிலின் அத்திவாரம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, சந்தேகப்படவும் தோன்றவில்லை.

அந்த இயந்திரம் இருந்த அறைக்குள் போக எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை தந்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் என் அட்டையைக் கதவில் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். மறுபடியும் சிவப்பு. பின்னால் வந்த சிங்களத் தோழி தன் அட்டையைக் காட்டினாள், கதவு திறந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, இது தற்காலிகம், மேலிடத்து உத்தரவு, என்னைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்றார். கம்பனியில் இருந்த மற்ற தமிழர்களின் அட்டைகளும் அன்றைக்கே செத்துப்போயிருந்தன. நான் வாயை அடக்கத் தெரியாதவள் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியவள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பெண் கொழும்பில் கதவு திறக்கவில்லை என்று சத்தம் போட முடியாது. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தத் தற்காலிகம் முடியவே இல்லை. இயந்திரத்தில் கோளாறு வந்தால், பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்கும் புருஷன் மாதிரி நான் நடைபாதையில் நிற்பேன். உள்ளே இருக்கும் தோழிக்கு, என்ன தட்ட வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லுவேன். அவள் தட்டுவாள். அது சரியாகிவிடும். 'தாங்ஸ்' என்று எனக்கே ஒரு மெசேஜ் அனுப்புவாள். எனக்குப் போனை உடைத்து எறியலாம் போல இருக்கும். விடுதியில் ஒரு முறை பொலிஸ் வந்து, என்னையும் எங்கள் அறையின் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளையும் மட்டும் லொறியில் ஏற்றிப் போய் விடியும்வரை வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாளும் வேலைக்குப் போனேன். அந்தக் கதவுதான் என்னைத் துரத்தியது.

பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. சுகாதாரத் தகவலியல் திட்டம், கணினி தெரிந்தவர் தேவை, மாத்தளை. அப்படி ஒரு துறை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் சொந்த ஊர் என்பதால் இரண்டாம் முறை வாசித்தேன். நோய்க்கு இனம் கிடையாது, இருமலுக்குச் சிங்களம் தமிழ் தெரியாது என்றெல்லாம் எனக்குள் பெரிய பேச்சுப் பேசிக்கொண்டு விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தது.

அப்பா வடக்கிலிருந்து அரசாங்க லிகிதராக மாத்தளைக்கு வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ், படலையைத் தாண்டினால் மாத்தளைத் தமிழ். நான் பெட்டியோடு வந்து இறங்கியதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? கொழும்பில ஏசி அறைக்குள்ள இருந்த வேலையை விட்டுப்போட்டு, சளி துப்புற சனத்துக்குள்ள வந்து நிக்கப் போறியே? நீயும் ஏதும் தேடிக்கொண்டு வந்தால் ஆர் உன்னைக் கட்டுறது?"

நான் சிரித்தேன். எனக்கு அப்போது அது அம்மாக்கள் பேசும் பேச்சாகத்தான் பட்டது.

வேலை நெஞ்சு நோய் கிளினிக்கில். காசநோய்க்காரர்களுக்கு மருந்து கொடுக்கும் இடம். வைத்தியசாலையின் பின்பக்கம், பிணவறைக்குப் போகும் பாதையில், தகரம் போட்ட நீளக் கட்டடம். சனங்கள் அதை 'செஸ்ட் கிளினிக்' என்பார்கள். மாவட்டத்தில் எந்தக் காட்டுக்குள் போய் அந்தச் சொல்லைச் சொன்னாலும் அது என்ன நோய் என்று தெரியும். சொன்னவன் உட்கார்ந்த கதிரையையும் கழுவுவார்கள்.

பொறுப்பான டொக்டர் ஓய்வுக்குக் கிட்டியவர், சிங்களவர், நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். முதல் நாளே அவர் எனக்குப் பிரச்சினையை விளக்கினார். மாத்திரை ஆறு மாதம் விழுங்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், ஆள் வருவதை நிறுத்திவிடும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்தைப் பழகிக்கொண்டு திரும்பி எழும்பும். அப்போது அதே மாத்திரை கேட்காது. வராமல் விடுகிறவர்களைத் திரும்ப வரவைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

வழி என் கையில்தானே இருந்தது. கிளினிக் நாளுக்கு முதல் நாள் மாலை நோயாளிக்கு ஒரு குறுஞ்செய்தி. வராவிட்டால் இரண்டாவது. அதற்கும் வராவிட்டால் மூன்றாவது. யாரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. கணினி தானாக அனுப்பும். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூடிய கதவுக்கு வெளியே அத்தனை மாதம் நின்றவளுக்கு அந்தப் பார்வை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். நான் ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறேன் என்று நம்பினேன்.

முதல் வேலையாக நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றினேன். தொலைபேசி நம்பருக்கு ஒரு கட்டம் வைத்தேன். பத்து இலக்கம், கட்டாயம். வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. கம்பனியில் பழகிய பழக்கம், நம்பர் இல்லாத ஆள் எங்களுக்கு ஆளே இல்லை. செய்தி அனுப்பும் பகுதியை எழுதி முடிக்கச் சில மாதங்கள் ஆகும் என்பதால், நம்பர் எதற்கு என்று நான் யாருக்கும் விளக்கவில்லை. கேட்டேன், சொன்னார்கள், தட்டினேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் அந்தப் பெண். பல்லேபொலப் பக்கம், மிளகும் கொக்கோவும் நிற்கும் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்று, இருமலோடு திரும்பி வந்தவள். வெடவெடவென்று இருந்தாள், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. தாயும் கூட வந்திருந்தார். பெயர், வயது எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் தாய் என் மேசை மேல் குனிந்தார்.

"மிஸ், இந்த விசயம் வெளிய போவாதுங்களே?"

கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை யட்டவத்தையில் சொந்தமாகத் திரிவீல் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய பெரியம்மா இவர்கள் ஊரிலேயே, ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். இடம் பேசி முடித்ததே அந்தப் பெரியம்மாதான். ஆறு மாத மாத்திரை முடிந்த பிறகுதான் கல்யாணம். அதுவரை யாருக்கும் தெரியாமல் இவள் மாத்திரையை விழுங்கி முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் நோய் போய்விடும், கல்யாணமும் நடக்கும். தெரிந்துவிட்டால் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் கணக்கு.

"இங்க இருந்து ஒரு சொல் வெளிய போகாதும்மா. யாருக்கும் தெரியாது" என்றேன்.

பிறகு பெண்ணிடம் போன் நம்பர் கேட்டேன். மூச்சு விடாமல் பத்து இலக்கத்தையும் ஒப்பித்தாள்.

"அடேயப்பா, வாய்ப்பாடு மாதிரி சொல்றியே."

"எங்க ஊருல எல்லாருக்கும் பாடம்க்கா" என்று சிரித்தாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன்.

முதல் இரண்டு மாதமும் தினமும் வந்து தாதியின் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசாங்க மருந்தகம் இருக்கிறது, அங்கே போகலாம். ஆனால் அங்கே போனால் மருந்தகத்துத் திண்ணையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் தினமும் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்தாள். ஊரில் கேட்டால் தையல் கிளாஸ். அதற்காகவே ஒரு அளவு நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்குவாள். மாத்திரையை விழுங்கியதும் உடனே போக முடியாது. கிளாஸ் முடியும் நேரம் வரை எங்கேயாவது இருக்க வேண்டுமே. என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, கல்யாணத்துக்கு அப்பறம் அவங்க ஒரு சட்ட தைச்சுக் குடுன்னு கேட்டா என்னா செய்றது?"

"கை சுளுக்கிருச்சுன்னு சொல்லு."

"எத்தன வருசத்துக்கு சுளுக்கு?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். நாட்கள் போகப் போக, சிரித்தாலும் இருமல் வரவில்லை.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வீட்டில் அம்மா எனக்கும் இடம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சரிவரவில்லை. 'பிள்ளை எங்க வேலை?' என்று கேட்பார்கள், பதிலைக் கேட்டதும் யோசித்துச் சொல்வதாகப் போய்விடுவார்கள். அந்தக் கதையை நான் அவளிடம் சொன்னால், "அப்ப நீங்களும் தையல் கிளாஸ்னு சொல்லுங்கக்கா" என்பாள். அந்தக் கட்டடத்தில் என்னைச் சிரிக்க வைத்தவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு மாதம் முடிந்து சளியைப் பரிசோதித்தார்கள். சுத்தம். இனி மாதம் ஒரு முறை கிளினிக்குக்கு வந்து மாத்திரை வாங்கிப் போய் வீட்டிலேயே விழுங்கலாம் என்றார் டொக்டர். அப்படி அடுத்த இரண்டு மாதமும் தவறாமல் வந்து வாங்கிப் போனாள். மற்ற நாட்களில் ஜன்னல் ஓரம் வெறிச்சென்று இருந்தது. நானும் செய்தி அனுப்பும் வேலையில் தலையை விட்டுக்கொண்டேன்.

அந்தக் காலத்துச் சின்ன போன்களில் தமிழ் எழுத்தும் வராது, சிங்கள எழுத்தும் வராது. ஆகவே தமிழர்களுக்குத் தமிழையும் சிங்களவர்களுக்குச் சிங்களத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதினேன். நோயாளியின் பெயரைப் போட்டு, 'நாளை உங்கள் கிளினிக் நாள்' என்று மட்டும்தான் முதலில் வைத்தேன். பரீட்சித்துப் பார்த்த கிழமையில் ஒரு வயதானவர் கண் கிளினிக்கில் போய் அரை நாள் வரிசையில் நின்றுவிட்டு எங்களை ஏசிக்கொண்டு வந்தார். இன்னொருவர் சீனி வருத்தம் பார்க்கும் நீரிழிவுக் கிளினிக்கில் போய் இரத்தம் குத்திக்கொண்டு வந்தார். கூட்டம் வைத்துப் பேசினோம். எந்தக் கிளினிக் என்று தெளிவாகப் போட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நியாயம்தானே. 'செஸ்ட் கிளினிக்' என்ற சொல்லை நான் சேர்த்தேன்.

செய்திகள் போகத் தொடங்கின. அந்த மாதமே கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வருவதை விட்டுவிட்டவர்கள் எல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து என் தோளில் தட்டினார்கள். கேக் வெட்டினோம். டொக்டர் என்னைத் தன் மகள் மாதிரி என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

அவள் வரவில்லை. கணினி அவளுடைய பெயரைச் சிவப்பில் காட்டியது. வராதவர்களுக்கு அனுப்ப வேண்டிய இரண்டாவது செய்தி போயிருந்தது: 'நீங்கள் செஸ்ட் கிளினிக்குக்கு வரவில்லை. மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.' அதற்கும் வராமல் மூன்றாவதும் போயிருந்தது. கல்யாணக் கனவில் மாத்திரையை மறந்துவிட்டாள், கழுதை, வரட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். பிறகு பொறுக்க முடியாமல் அந்த நம்பரை எடுத்து அடித்தேன்.

ஒரு ஆண் குரல் எடுத்தது. "கடைங்க. யாரு பேசுறது?"

அவளுடைய பெயரைச் சொல்லி, இது அவளுடைய நம்பர்தானா என்று கேட்டேன்.

"அந்த புள்ளட நம்பர் இதுதான் மகள். எங்கட ஊருக்கே இதுதான் நம்பர். என்ன சொல்லணும், சொல்லுங்க. ஆள் அனுப்பிச் சொல்லிருவேன்."

நான் திரையில் இருந்த நம்பரையும் அடித்த நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் கவலைப்பட்டுப்போய், "ஆஸ்பத்திரியில இருந்தா மகள்? மெசேஜ் மூணும் வந்திச்சு. ஒண்டையும் விடல்ல, எல்லாம் சொல்லிட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கணினியில் அந்த நம்பரைத் தேடினேன். ஒரே நம்பர் பல பெயர்களுக்கு எதிரில் நின்றது. மற்ற ஊர்களைத் தேடினேன். யட்டவத்தைப் பக்கம் ஒரு நம்பர், பல்லேகமப் பக்கம் ஒரு நம்பர், ஒவ்வொன்றின் கீழும் ஆட்கள். எல்லாம் கடைகள். இந்த ஊர்களுக்குக் கடிதம் வருவதே 'மேற்பார்வை கடை முதலாளி' என்று போட்டுத்தான். சம்பளம் கொடுப்பவன் கேட்டாலும் பள்ளிக்கூடம் கேட்டாலும் கடை நம்பரைத்தான் கொடுப்பார்கள். அது பொய் இல்லை. அவர்களைக் கேட்டால் அதுதான் அவர்களுடைய நம்பர். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பல்லேபொலைக்குப் போய், அங்கிருந்து திரிவீலில் அந்தக் கடைக்குப் போனேன். தொப்பி போட்ட முஸ்லிம் முதலாளி, ஊருக்கே அவர் நானா, அறுபது வயதிருக்கும், பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுக்கு மேலே ஆணியில் ஒரு பொலித்தீன் பையில் போன் தொங்கியது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைப்பது அந்த ஆணியில் மட்டும்தான். கம்பனியில் எங்கள் சிக்னல் வரைபடத்தில் அந்த இடத்தை நாங்கள் வெள்ளையாக விட்டிருந்தோம்.

நான் யார் என்று சொன்னதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன் டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார். மனுஷனுக்கு ஒரு கள்ளமும் கிடையாது.

"இங்கிலீஷ் எழுத்துல தமிழப் போட்டு அனுப்புறீங்க. மனசுக்குள்ள வாசிச்சா ஒண்டும் வெளங்குதில்ல மகள். வாய் விட்டு வாசிச்சாத்தான் தமிழா வருது" என்றார். போனை இறக்கி, கண்ணுக்கு எட்டப் பிடித்து, எனக்கு வாசித்தும் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, உரத்த குரலில். சாமான் வாங்க நின்ற இரண்டு பேர் உடனே வந்து சேர்ந்துகொண்டார்கள். "நா... ளை... செ... செஸ்..." என்று அவர் திணற, "செஸ்ட் கிளினிக்கு நானா" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நோயாளியின் செய்தியை வாசித்து முடித்தார்கள்.

முதல் செய்தி வந்தது மாலை நேரம், கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். மாப்பிள்ளையின் அந்தப் பெரியம்மா தேங்காய் எண்ணெய் வாங்க நின்றிருக்கிறார். நானா வாசித்து முடித்து, "ஒங்கட மருமகப் புள்ளைக்குத்தான் வந்திருக்கு, போற வழியில சொல்லிட்டுப் போங்க" என்று அவரிடமே சொல்லி அனுப்பியிருக்கிறார். புண்ணியமாகப் போகட்டும் என்று செய்த வேலை. அடுத்த இரண்டு செய்திகளையும் இவரே அவள் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், சாவு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில். எனக்கு அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவருடைய காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. டீயைக் குடித்தேன். அந்த வருடங்களில் நான் செய்ததெல்லாம் டீயைக் குடித்ததுதான்.

அவள் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து மிளகு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சிரிக்க முயற்சி செய்தாள். நிச்சயம் பண்ணிக் கொடுத்த சேலையை மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

"மாத்திரைய மட்டும் முடிச்சிரு. இன்னும் ரெண்டு மாசந்தான்" என்றேன்.

"வேணாங்கக்கா."

"இருமல் நின்னுருச்சுன்னு நெனைக்காத. உள்ள இருக்கு. திரும்பி வந்தா இந்த மாத்திர கேக்காது."

"தெரியுமுக்கா. டொக்டரு சொன்னாங்க." மிளகுக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "அப்ப முடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டுல ஒருத்தரும் ஒக்காருறதில்ல. கொணமாகி என்னாக்கா செய்ய?"

எனக்குத் தலைக்கு ஏறியது. மடச்சி, திரிவீல்காரன் ஒருத்தன் இல்லாவிட்டால் உலகம் முடிந்துவிட்டதா, உயிர் உனக்கு விளையாட்டா, செத்துத்தான் போவாய் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கம்பனிக் கதவில் கத்தாதது, மேலதிகாரியிடம் கத்தாதது, பொலிஸ் லொறியில் கத்தாதது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் மேல் கொட்டினேன். தாய் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாய்க்குப் பின்னால், பள்ளிக்கூடச் சட்டையோடு அவளுடைய தங்கச்சியும் நின்றாள்.

நான் நிறுத்தியதும் அவள் சொன்னாள்: "நான் ஒங்கள ஏசலையேக்கா. நீங்க ஏன் என்னய ஏசுறீங்க?"

கொண்டுபோன மாத்திரைப் பெட்டியைப் பாயில் வைத்துவிட்டு வந்தேன்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செய்தியிலிருந்து கிளினிக்கின் பெயரை எடுத்துவிடச் சொன்னார், அன்றைக்கே எடுத்தேன். கடை நம்பர்களுக்குச் செய்தி போகாமல் நிறுத்தினேன். நிறுத்தியதும் அந்த ஊர்களில் இருந்து வருவோர் மறுபடி குறைந்தார்கள். கொழும்பில் நடந்த கூட்டத்தில், வராதவர்கள் எவ்வளவு குறைந்துவிட்டார்கள் என்று நான் திரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கோடு நன்றாகத்தான் இறங்கியது. அவளைப் பற்றி டொக்டர் மேலோட்டமாக ஒரு வசனம் சொன்னார், ஒரு தனிச் சம்பவம் என்று. கைதட்டினார்கள். எனக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது, ஆனால் கோடு பொய் இல்லையே. எத்தனையோ பேர் உண்மையிலேயே குணமாகியிருந்தார்கள்.

அவள் ஊரில் இருக்கப் பிடிக்காமல் மறுபடி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று நானா போனில் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. கொழும்பில் எந்தக் கிளினிக்கிலாவது அவள் பெயர் வருகிறதா என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். அங்கே எங்கள் கணினி இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்துதான் கேட்க வேண்டும். கேட்டேன். பல இடங்களில் என் தமிழ்ப் பெயரைக் கேட்டதும், நீ யார், இந்த ஆளை ஏன் தேடுகிறாய் என்று திருப்பிக் கேட்டார்கள்.

அடுத்த வருடம் வந்தது அவளுடைய மரணத் தகவல்தான். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பெரிய நெஞ்சு ஆஸ்பத்திரியில், இரத்தமாகக் கக்கி, எந்த மாத்திரையும் கேட்காமல் செத்துப்போயிருந்தாள். அவர்கள் அனுப்பிய தாளில் அவள் பெயரும் எங்கள் கிளினிக் இலக்கமும் இருந்தன. யுத்தம் முடிந்துவிட்டது என்று மாத்தளைத் தெருவெல்லாம் கொடி கட்டி வெடி கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார். நான் கிளினிக்கில் இருந்து அழுதேன். யாராவது பார்த்தால் யுத்தத்தில் தோற்றவர்களுக்காக அழுகிறேன் என்று தப்பாக நினைப்பார்களோ என்று கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

கணினியில் அவள் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று பதிந்தேன். அப்படிப் பதிந்தால், ஒரே வீட்டில் இருந்தவர்களைப் பரிசோதனைக்கு அழைக்கும்படி கணினி மாதா மாதம் ஒரு செய்தி அனுப்பும். யாரும் வரும்வரை அனுப்பும். அது நான் எழுதிய விதி. சரியான விதியும்கூட. செத்தவளின் கிருமி எந்த மருந்துக்கும் கேட்காத கிருமி. கொழும்புக்குப் போகும்வரை அவளோடு ஒரே பாயில் படுத்தவள் அந்தத் தங்கச்சி. அதனால் நானே போய்ச் சொல்லும்வரை பொறுக்காமல், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நானா கடை நம்பரைத் திரும்பத் திறந்து வைத்தேன். கிளினிக் பெயர் இல்லாமல், தாயின் பெயரைப் போட்டு, 'வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் வைத்தியசாலைக்கு வரவும்' என்று மட்டும்.

அடுத்த கிழமை தாய் வந்தார். தனியாக வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மிஸ், அந்த மெசேஜ் வேணாங்க. நிப்பாட்டிருங்க."

"ஒங்க சின்ன மகள ஒருக்கா கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு படம் புடிச்சு, சளிய மட்டும் பாத்துட்டு அனுப்பிருவோம்."

"அவளுக்கு ஒரு எடம் வந்துருக்குங்க. தூரத்து எடம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"இது அவ உசுரு விசயம்மா. யாருக்கும் தெரியாது. நான் பாத்துக்கிறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். "பெரியவளுக்கும் அப்புடித்தான் சொன்னீங்க" என்றார்.

பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் பின்னால் ஓடவில்லை.

நம்பரை அழித்தேன். கட்டம் வெறுமையாக இருக்கக் கணினி ஒத்துக்கொள்ளவில்லை, பத்து இலக்கம் கேட்டது. என்னுடைய நம்பரைத் தட்டினேன். அதன் பிறகு மாதம் ஒரு முறை, மாலையில், அந்தச் செய்தி என் போனுக்கு வரும். வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் வரவும். நான் அதை வாசிப்பேன். மறுநாள் காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கே அனுப்பச் சட்டம் இருக்கிறது. அவருடைய மோட்டார் சைக்கிள் அந்த வாசலில் நின்றால் அது செய்தியை விட மோசம் என்று தெரிந்தும், கடைசியில் அனுப்பினேன். அவர் போனபோது சின்னவள் கல்யாணம் முடிந்து போயிருந்தாள். எந்த ஊர் என்று தாய் சொல்லவில்லை. பரிசோதகர் நானாவைக் கேட்டிருக்கிறார், நானா தனக்குத் தெரியாது என்றாராம். அந்த மனுஷனுக்குத் தெரியாமல் இருக்காது. அவரும் வாயை மூடப் படித்துக்கொண்டார்.

நான் அந்த வேலையில் இருந்தவரை செய்தி வந்துகொண்டே இருந்தது. சின்னவள் எந்த ஊரில் இருக்கிறாள், பிள்ளைகள் உண்டா, இருமுகிறாளா இல்லையா, எனக்குத் தெரியாது.